ஓரிடவாழ்வி: ‘எண்டமிக்’ என்ற சொல்லின் பொருளும் வேரும்

டர்பனில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் உள்ள பொண்டோலாந்துக் கடற்கரையைப் பற்றி மாணவி ஒருத்தி சுவரொட்டி எழுதினாள். ஒரு படத்தின் கீழே ‘அரிய பனை’ என்று போட்டிருந்தாள். அவள் பார்த்து எழுதிய ஆங்கிலக் குறிப்பில் இருந்த சொல் ‘எண்டமிக்’. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டாள். ஒன்றல்ல. சுரங்கம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த நிலத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

சிறுத்தை அரிய விலங்கு. ஆனால் அது தென் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது, தமிழ்நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. நம் கடற்கரைப் புதர்க்காடுகளில் வாழையைப் போல ஓங்கி நிற்கும் ஸ்ட்ரெலிட்சியா இந்த மண்ணின் இயல்தாவரம். ஆயினும் கிழக்குக் கேப்பிலிருந்து மொசாம்பிக் வரை வளர்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் முருங்கையும் கறிவேப்பிலையும் வந்தேறிகள். நம் முன்னோருக்குப் பிரியமான வந்தேறிகள். இவற்றுள் எதுவும் ‘எண்டமிக்’ அல்ல. ஒரு நிலப்பரப்பில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாத உயிருக்கே அந்தப் பெயர்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘என்’ என்றால் உள்ளே. ‘டெமோஸ்’ என்றால் மக்கள், அவர்கள் வாழும் ஊர்ப்புறம். ஜனநாயகத்தைக் குறிக்கும் ‘டெமாக்ரசி’யில் இருப்பதும் இதே டெமோஸ்தான். முதலில் இது மருத்துவர்களின் சொல்லாக இருந்தது. எங்கிருந்தோ வந்து ஊரையே வாரிச் செல்லும் கொள்ளைநோய்க்கு மாறாக, ஒரு வட்டாரத்தில் நிலைத்துவிட்ட நோயை அப்படி அழைத்தார்கள். 1820இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் அகஸ்டின் டி கண்டோல் அதை மருத்துவத்திலிருந்து எடுத்துத் தாவரங்களுக்குப் பொருத்தினார். இன்றும் செய்தித்தாள்கள் நோயைப் பற்றிப் பேசும்போது பழைய பொருளே வழங்குகிறது. அங்கே ‘வட்டார நோய்’ என்று எழுதலாம். ஆனால் அதே அடையைச் செடிக்கு வைத்து ‘வட்டாரத் தாவரம்’ என்றால் பொருள் நீர்த்துப்போகும்.

தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. இலங்கை நூல்களில் ‘உள்நாட்டுக்குரிய’ என்று காணலாம். தீவுக்கு அது பொருந்தும்; தென் ஆப்பிரிக்கா போன்ற பெருநிலத்தில், நாட்டு எல்லைக்கும் செடியின் எல்லைக்கும் தொடர்பே இல்லை. ‘அகணிய உயிரி’ என்பது மற்றொன்று. பனைமட்டையின் உட்புற நாரை அகணி என்பார்கள். உள்ளே இருப்பது என்ற பொருள் அதில் நிற்கிறது. அழகான ஆக்கம், ஆனால் கேட்டவுடன் பொருள் புரிவதில்லை. மூன்றாவது ‘ஓரிடவாழ்வி’. நான் இதையே கற்பிக்கிறேன். அந்த உயிருக்கு வேறு இடம் கிடையாது என்பதைச் சொல்லே உரைத்துவிடுகிறது.

மாணவியின் படத்தில் இருந்தது பொண்டோத் தென்னை. தென்னையின் உறவு, காயை உடைத்தால் குட்டித் தேங்காய்தான். காட்டில் அது இயற்கையாக வளர்வது உம்டென்டு, உம்சிகாபா என்ற இரண்டு ஆறுகளின் வடகரை மணற்பாறைகளில் மட்டுமே. உம்சிகாபாவின் வடகரை, ம்காம்பாட்டி இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது. உம்டென்டுவின் வடகரை அதற்கு வெளியே. அந்தப் பக்கத்தில்தான் கொலோபெனியின் செம்மணல் மேடுகள் தொடங்கி, உம்சாம்பா ஆறு வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கடற்கரையோரமாகச் செல்கின்றன. அந்த மணலில் இருக்கும் டைட்டானியத் தாதுக்களை அள்ளத்தான் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று திட்டமிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சித் தாதுமணலை அறிந்தவர்களுக்கு, இங்கும் இருக்கும் இல்மனைட், ரூடைல், சிர்கான் என்ற தாதுக்களின் பெயர்கள் புதிதல்ல. பொண்டோலாந்துக்கு மட்டுமே உரிய தாவரங்கள் ஏறத்தாழ 200 வகை. ‘அரியவை’ என்று எழுதினால், இங்கே போனாலும் வேறெங்கோ மிச்சம் இருக்கும் என்று படிப்பவர் நினைப்பார். மிச்சம் இல்லை என்பதே செய்தி.

அங்கே வாழும் அமாடிபா மக்கள் பல ஆண்டுகளாக மறுப்புச் சொல்லி வந்தார்கள். சுரங்கத்தை எதிர்த்த அவர்களுடைய நெருக்கடிக் குழுவின் தலைவர் சிகோசிபி ராடேபே 2016 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 நவம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், அச்சமூகத்தின் முழுமையான, முறையான ஒப்புதலைப் பெறாமல் அமைச்சர் சுரங்க உரிமை வழங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நின்றது செடிகளின் மேல் அல்ல, நிலத்தின் மேல் மக்களுக்கு உள்ள உரிமையின் மேல். சொல்லுக்குள் இருக்கும் டெமோஸை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இதனால்தான். நம் அகப்பொருள் இலக்கணமும் ஒரு திணையின் கருப்பொருளாக மரத்தையும் பறவையையும் மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

இந்தத் தென்னையின் அறிவியல் பெயரிலும் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. ஜுபேயோப்சிஸ் என்பதை அடுத்து வரும் ‘காஃப்ரா’, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லின் உறவு. பழைய தமிழ் அகராதிகளில் உள்ள ‘காப்பிரி’யும் அதே குடும்பம், நாம் கைவிட வேண்டிய சொல். 2024இல் மாட்ரிட்டில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, அவ்வகைப் பெயர்களை ஆப்பிரிக்காவைக் குறிக்கும் ‘அஃப்ரா’ என்று மாற்ற முடிவு செய்தது.

எழுதும்போது ஓரிடவாழ்வி என்று சேர்த்தே எழுதுங்கள். அந்தத் தன்மையைக் குறிக்க ‘ஓரிடவாழ்மை’, செடியை மட்டும் சொல்ல ‘ஓரிடத் தாவரம்’. எந்த இடம் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். இடப்பெயர் இல்லாமல் இந்தச் சொல் பாதிதான். மாணவியின் சுவரொட்டியில் இப்போது இருப்பது: ‘பொண்டோத் தென்னை, உம்டென்டு, உம்சிகாபா ஆற்றங்கரைகளின் ஓரிடவாழ்வி’.