ஜவுஸ்ட்டுக்கு (joust) தமிழ்ல என்ன சொல்லலாம்?

பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல புதன்கிழமை மதியம் 12 மணிக்கு பிரதமர் கேள்வி நேரம் நடக்கும், எதிர்க்கட்சித் தலைவர் ஆறு கேள்வி கேப்பாரு, பிரதமர் திருப்பி அடிப்பாரு, ரெண்டு பக்கமும் எம்பிக்கள் கத்துவாங்க. இந்த மாதிரி மோதலை இங்கிலீஷ்ல ஜவுஸ்ட்னு எழுதறது சகஜம். நம்ம செய்திகள்ல அது ‘கடும் வாக்குவாதம்’னு மாறிடுது. கடுமைலாம் சரிதான், அதுல இருக்கற விளையாட்டு எங்க போச்சு?

அசல் ஜவுஸ்ட்ங்கறது இடைக்கால ஐரோப்பாவுல கவசம் மாட்டின ரெண்டு வீரர்கள் எதிரெதிரா குதிரைய விரட்டிட்டு வந்து நீளமான மர ஈட்டியால குத்தி மோதிக்கற போட்டி. ஈட்டிய எறிய மாட்டாங்க, அக்குள்ல இடுக்கிக்கிட்டு வருவாங்க, அதனால ‘ஈட்டி எறிதல்’னு தயவுசெஞ்சு எழுதாதீங்க, அது நீரஜ் சோப்ரா பண்றது. குதிரைங்க முட்டிக்கக்கூடாதுன்னு 15ஆம் நூற்றாண்டுல நடுவுல ஒரு தடுப்பும் வந்துச்சு. எதிராளி மேல குத்தி தன்னோட ஈட்டிய உடைச்சவருக்குத்தான் பாயிண்ட், சுத்தி மேடை கட்டி ராஜா ராணிலாம் பாப்பாங்க. விளையாட்டுன்னாலும் உயிர் போகும்: 1559 ஜூன் 30 அன்னிக்கு பாரிஸ்ல, பொண்ணு கல்யாணக் கொண்டாட்டத்துல பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஹென்றி ஆசைப்பட்டு இறங்கினாரு, மாண்ட்கோமரிங்கற வீரரோட ஈட்டி உடைஞ்சு சிலாம்பு கண்ணுக்குள்ள ஏறி பத்தே நாள்ல செத்துப்போனாரு.

சொல்லு பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது, அதுக்கும் மேல போனா லத்தீன்ல ‘யுக்ஸ்டா’, அதாவது பக்கத்துல. கிட்ட வர்றது, சேர்றது, அவ்ளோதான், வேர்ல சண்டையே கிடையாது. நம்ம ‘பொருதல்’ ஞாபகம் வருது, அதுக்கும் போரிடறது ஒரு அர்த்தம், ஒப்பாகறது இன்னொரு அர்த்தம். ஆனா இன்னிக்கு பேப்பர்ல ‘பொருதினர்’னு போட்டா பாதி பேரு அச்சுப்பிழைம்பாங்க.

அதனால நேர் அர்த்தத்துக்கு ‘குதிரை ஈட்டிப்போர்’ போதும். பேச்சுக்குன்னா ரெண்டு சொல்லு வேணும்னு நினைக்கிறேன். விஷயம் கனமா இருந்தா ‘சொற்போர்’, 1943ல கம்பராமாயணத்தை வச்சு அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மேடைல மோதினதுக்கு அந்தப் பேருதான் நிலைச்சிருக்கு. பிரதமர் கேள்வி நேரம் மாதிரி கைதட்டலுக்காக மடக்கறதுன்னா ‘சொற்சிலம்பம்’, ஏன்னா சிலம்பத்துலயும் விதி உண்டு, தொட்டா பாயிண்ட் உண்டு, சுத்தி கூட்டமும் உண்டு. டிவில நாலு பேரு ஒரே நேரத்துல கத்தறதுக்கு இது ரெண்டையும் வீணாக்க வேணாம்.

ஒரே ஒரு சிக்கல் அமெரிக்காவுல மேரிலேண்ட் மாநிலம், 1962லேர்ந்து அவங்களோட அதிகாரப்பூர்வ விளையாட்டு ஜவுஸ்டிங்தான், ஆனா அங்க எதிராளியே கிடையாது, தொங்கற சின்ன வளையத்தை குதிரைல பாய்ஞ்சு வந்து ஈட்டி முனைல கோத்து எடுக்கணும். அதை எப்படிப் போர்னு சொல்றது, ‘வளையம் கோக்கற போட்டி’ன்னே எழுதிடலாம்.