பீரோவுக்குள்ளேயே பீரோ சாவி

போன மாதம் வேளச்சேரியில் அத்தை பையனின் லேப்டாப்பில் விண்டோஸ் போட உட்கார்ந்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய புது எஸ்எஸ்டியை மாட்டியாயிற்று, விண்டோஸ் இன்ஸ்டாலர் ஏற்றிய பென் டிரைவும் ரெடி. ஆனால் எந்த டிஸ்க்கில் போடலாம் என்று கேட்கும் திரையில் பட்டியல் காலி. டூப்ளிகேட் எஸ்எஸ்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். கடைக்காரர் பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்ஸ்டாலர் என்பது ஃபைல்களை காப்பி பண்ணும் வெறும் புரோகிராம் என்று நினைக்கிறோம். அதுவே விண்டோஸ் பிஇ என்கிற ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம்தான். மெமரியில் ஏறி ஓடுகிறது, அதற்கும் டிரைவர், அதாவது ஹார்டுவேரோடு பேசத் தெரிந்த குட்டி சாஃப்ட்வேர், வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் வந்த பிறகு பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கான டிரைவர் இல்லையென்றால் குட்டி விண்டோஸைப் பொறுத்தவரை அந்த மெஷினில் டிஸ்க்கே கிடையாது.

பழைய தலைவலிதான் இது. 2001இல் வந்த எக்ஸ்பி, சாட்டா வகை டிஸ்க்குக்கான டிரைவரை எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் கொடு என்று கேட்கும், ஃபிளாப்பி டிரைவே இல்லாத கம்ப்யூட்டரிலும்! அதனால்தான் என்லைட் என்ற புரோகிராமை வைத்து இன்ஸ்டாலரிலேயே டிரைவரைச் சேர்த்து, புது சிடி எழுதிக்கொண்டிருந்தோம். 2009இன் விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3 தெரியாது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசசருக்கான போர்டுகளில் பழைய யூஎஸ்பி கன்ட்ரோலரை எடுத்துவிட்டதால், இன்ஸ்டால் திரை வந்தவுடன் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போகும்.

சரி, டிரைவரை எப்படிச் சேர்ப்பது? இன்ஸ்டாலரின் சோர்சஸ் ஃபோல்டரில் பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். முதலாவது அந்தக் குட்டி விண்டோஸ், இரண்டாவது டிஸ்க்கில் போய் உட்காரப்போகும் விண்டோஸ். டிஸ்ம் என்ற கமாண்டால் ஒரு விம்மைக் காலி ஃபோல்டரில் மவுண்ட் செய்து, அதாவது உள்ளே இருப்பதைத் திருத்தும்படி திறந்துவைத்து, டிரைவரைச் சேர்த்து, மாற்றங்களை சேவ் செய்து மூட வேண்டும். டிரைவர் என்று எக்ஸ்இ ஃபைலைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளாது. அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், சிஸ், கேட் ஃபைல்களை எடுத்துவைக்க வேண்டும்.

நான் வழுக்கியது இங்கேதான். இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு, பட்டியல் ஏன் இன்னும் காலி என்று அரைமணி நேரம் முழித்தேன். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. டிஸ்க்கைக் கண்டுபிடிக்க வேண்டியது பூட்.விம், அதிலும் இரண்டு இமேஜ், அதாவது ஒரே ஃபைலுக்குள் இரண்டு தனித்தனி விண்டோஸ் பிரதி, உண்டு, செட்டப் ஓடுவது 2ஆவதில். இன்ஸ்டால்.விம்மிலோ ஹோம், புரோ என்று ஒவ்வொன்றுக்கும் தனி இமேஜ், நாம் போடப்போகும் எடிஷனைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அப்புறம், இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஏறாது, டிஸ்மை வைத்தே துண்டு போடலாம்.

ஒரே ஒரு லேப்டாப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரித்த டிரைவர் ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு, அந்தக் காலிப் பட்டியலுக்குக் கீழேயே இருக்கும் லோட் டிரைவரை அழுத்தினால் போதும். அத்தை பையன் அந்த பட்டனைக் காட்டி, இது போதாதா என்று கேட்டபோது, முப்பது மெஷின் இருக்கும் லேபுக்குப் போட்டால்தான் என் வழியின் அருமை தெரியும் என்று சமாளித்தேன்.