சுற்றுக்கு எத்தனை பின்னல்? ஒரு குரோஷா பாவாடையின் கணக்கு

நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் பின்னிய பருத்திப் பாவாடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூலை வெட்டி முனையை மறைப்பதற்கு முன்னால், கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், பாவாடை சுற்றுச் சுற்றாகப் பிரிந்துகொண்டே போய் மறுபடியும் நீண்ட ஒற்றை நூலாகிவிடும். எங்கேயும் சிக்காது, எதையும் அவிழ்க்க வேண்டியிராது. அத்தனை ஆயிரம் பின்னல்களில் முடிச்சு என்று ஒன்றுகூட இல்லை என்பதே காரணம். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் அடுத்தது. அவ்வளவுதான் அமைப்பு.

முடிச்சில்லாத துணி உடம்பில் எப்படி நிற்கிறது? உராய்வால். ஒவ்வொரு பின்னலிலும் நூல் பல இடங்களில் தன்னையே சுற்றி வளைகிறது. வளைந்த பரப்பின் மேல் செல்லும் கயிற்றின் பிடிமானம், சுற்றும் கோணம் கூடக் கூட மடங்கு மடங்காகப் பெருகும். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதைச் சூத்திரமாக்கினார். தோணியைத் துறையில் நிறுத்துகிறவர் கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, எஞ்சிய முனையை ஒரு கையால் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே விதிதான் ஒவ்வொரு கண்ணியிலும் வேலை செய்கிறது. நடுவில் எங்கே இழுத்தாலும் துணி கெட்டியாக நிற்கும். கடைசிக் கண்ணி ஒன்று மட்டுமே வாசல் திறந்து வைத்திருக்கிறது.

ஸ்வெட்டர் பின்னுகிற இரட்டை ஊசிப் பின்னலில் நிலைமை வேறு. அங்கே ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்த நிலையில் இருக்கும். ஒன்று நழுவினால் அதன் கீழே உள்ளவையும் ஏணிப்படிபோல வரிசையாக இறங்கிவிடும். குரோஷாவில் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. ஒவ்வொரு பின்னலும் கீழ்ச் சுற்றோடும் பக்கத்துப் பின்னலோடும் சேர்த்துப் பூட்டப்பட்டுவிடுகிறது. புதிதாகக் கற்பவருக்குக் குரோஷாவை நான் முதலில் பரிந்துரைப்பது இதனால்தான். ஊசி கீழே விழுந்தால் தேடிப் பிடிக்க வேண்டியது ஒரே ஒரு கண்ணியை.

இந்தப் பக்கவாட்டுப் பூட்டுதான் இயந்திரங்களுக்குப் பெரும் தடையாக இருந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் ஊசி, முன்பே முடிந்த துணிக்குள் சரியான துளையைக் கண்டுபிடித்து நுழைந்து, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுக்க வேண்டும். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஆய்வாளர்கள் ஒரு மாதிரி இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் உடை பின்னித் தள்ளும் குரோஷா இயந்திரம் இன்றுவரை வரவில்லை. ஆகவே உண்மையான குரோஷா உடை எந்தக் கடையில் தொங்கினாலும் அதை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில், நர்சாபூரைச் சுற்றிய ஊர்களில், பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்த லேஸ் வேலையைச் செய்துவருகிறார்கள். அப்படிப்பட்ட உடையில் மிகக் குறைந்த விலைச் சீட்டைப் பார்க்கும்போது, பின்னிய கைக்கு என்ன போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

இனி பாவாடைக்கு வருவோம். கோடைக்கான எளிய பாவாடை என்றால், இடுப்பிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றுச் சுற்றாகப் பின்னுவதே நல்லது. போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம், நீளம் போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம். பெயர்களில் அமெரிக்க வழக்கத்தையே பின்பற்றுகிறேன். சிங்கிள் குரோஷா குட்டையான பின்னல், டபுள் குரோஷா உயரமான பின்னல். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைப் பிரிட்டிஷ் குறிப்புகளில் டபுள் குரோஷா என்பார்கள். குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் பத்து சென்டிமீட்டரைவிடச் சற்றுப் பெரிய ஒரு சதுரத்தைப் பின்னி, துவைத்து, காயவைத்து, அளக்க வேண்டும். பலரும் தாண்டிப் போகும் வேலை இது. தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 4 மில்லிமீட்டர் ஊசி, நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல், டபுள் குரோஷா. உங்கள் கைக்கு 10 சென்டிமீட்டர் அகலத்தில் 16 பின்னல்களும், 10 சென்டிமீட்டர் உயரத்தில் 8 சுற்றுகளும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடுப்பெலும்புப் பகுதியின் சுற்றளவு 96 சென்டிமீட்டர். கொஞ்சம் தளர்வு சேர்த்து 100. அப்படியானால் 160 பின்னல்கள் வேண்டும். இப்போது கை சற்றுத் தளர்ந்து 16க்குப் பதில் 15 விழுந்தால், அதே 160 பின்னல்கள் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் ஆகிவிடும். கை இறுகி 17 விழுந்தால் 94 சென்டிமீட்டர்தான், பாவாடை இடுப்பெலும்பைத் தாண்டி ஏறுவதே சிரமம். பத்து சென்டிமீட்டரில் ஒரே ஒரு பின்னல் கூடுவதற்கும் குறைவதற்கும் நடுவே 13 சென்டிமீட்டர் இடைவெளி வந்துவிடுகிறது.

இடுப்பின் அளவுக்கே பின்னாமல் இடுப்பெலும்பின் அளவுக்குத் தொடங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாவாடையைக் கால் வழியாகவோ தலை வழியாகவோதான் போட வேண்டும். முதலில் போடும் செயின் வரிசையோ (ஒரு கண்ணிக்குள் அடுத்ததை இழுத்துச் சங்கிலியாகக் கோக்கும் அடிவரிசை) இந்தத் துணியிலேயே மிகக் குறைவாக நீளும் பகுதி. பெரியதாகத் தொடங்கி, நாடாவோ எலாஸ்டிக்கோ கோத்துச் சுருக்கிக்கொள்வது தொடக்கக்காரருக்கு எளிது. செயினை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியால் போட்டால் மேல் விளிம்பு இறுகாது.

அடுத்தது எனக்கு இந்தக் கைவேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. பாவாடை விரிய வேண்டும், அதற்குச் சில இடங்களில் ஒரே பின்னலுக்குள் இரண்டு பின்னல்களைப் போட்டுக் கூட்டுகிறோம். எத்தனை கூட்ட வேண்டும்?

குரோஷா கற்றவர்கள் எல்லோருக்கும் ஒரு விதி மனப்பாடம். தட்டையான வட்டம் வேண்டுமென்றால் சிங்கிள் குரோஷாவில் சுற்றுக்கு 6 கூட்டு, டபுள் குரோஷாவில் 12. ஏன் 6, ஏன் 12 என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. விடை π என்னும் பையில் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் ஒரு சுற்றின் உயரம் அளவுக்குக் கூடினால், சுற்றளவு அந்த உயரத்தைப் போல் 2π மடங்கு, அதாவது சுமார் 6.28 மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் குரோஷா ஏறத்தாழச் சதுரமானது. உயரமும் அகலமும் சமம் என்பதால் 6.28 பின்னல்கள் தேவை, முழு எண்ணாக 6. டபுள் குரோஷா அகலத்தைப் போல் இரு மடங்கு உயரமானது. நம் எடுத்துக்காட்டில் அகலம் 0.625 சென்டிமீட்டர், உயரம் 1.25. ஆகவே 12.56, நடைமுறையில் 12. எஞ்சும் சிறு குறையைத் துணியின் நெகிழ்வு ஈடுகட்டிவிடுகிறது.

இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் எந்தப் பாவாடையின் வடிவத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுற்றுக்கு 12 கூட்டினால் விரித்துப் போட்டால் தரையில் தட்டையாகக் கிடக்கும் முழு வட்டப் பாவாடை. 6 கூட்டினால் அரை வட்டம். ஒன்றுமே கூட்டாவிட்டால் நேரான குழாய், அதை அணிந்துகொண்டு படியேறுவது சிரமம். இவற்றுக்கு நடுவே உள்ளவை எல்லாம் கூம்புகள். நம் 160 பின்னல் பாவாடை 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு 36 சுற்றுகள் வரும். கீழ் விளிம்பு 150 சென்டிமீட்டர் போதுமென்றால் முடிவில் 240 பின்னல்கள், மொத்தக் கூட்டு 80. முழு வட்டத்துக்குச் சுமார் 450 தேவைப்பட்டிருக்கும். ஆக இந்தப் பாவாடையை ஒரு பக்கம் வெட்டி விரித்தால், ஒரு வட்ட வளையத்தின் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே பெரிய துண்டாகக் கிடக்கும். அளவாக விரியும் ஏ வடிவப் பாவாடை அது.

அந்த 80ஐயும் எப்படிப் பரப்புவது? ஒரு கூட்டுச் சுற்றுக்கு 8 வீதம் 10 கூட்டுச் சுற்றுகள் போதும். மூன்று நான்கு சுற்றுகளுக்கு ஒருமுறை வரும். முதல் முறை 20 பின்னலுக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். அடுத்த முறை அதே இடத்துக்கு நேர் கீழே கூட்டாமல் சற்று விலகிக் கூட்டுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் கூட்டிய இடங்கள் கோடுகளாகத் துருத்தி, பாவாடை எட்டு மூலைகள் கொண்ட குடையாகத் தெரியும்.

12க்கு மேல் கூட்டினால்? சுற்றளவு, ஆரம் இடம்கொடுக்கும் அளவைத் தாண்டி வளர்கிறது. தட்டையாகக் கிடக்க இடமில்லாமல் துணி மேலும் கீழுமாக அலையடிக்கிறது. பாவாடையின் விளிம்பில் வைக்கும் ஃப்ரில் இதுதான். கணிதத்தில் இதற்கு அதிபரவளையத் தளம் என்று பெயர். ஒவ்வொரு புள்ளியிலும் குதிரைச் சேணம் போல இரு திசைகளில் எதிரெதிராக வளையும் தளம் அது. அதைக் கையில் பிடித்துப் பார்க்கும் மாதிரியாக்கக் கணித ஆசிரியர்கள் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தார்கள், அவை எளிதில் கிழிந்துபோயின. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா 1997இல் குரோஷா ஊசியை எடுத்தார். சீரான இடைவெளியில் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தளம் தானாக உருவாவதைக் காட்டினார். கீரையின் சுருண்ட ஓரமும் பவளப்பாறை உயிரிகளின் மடிப்புகளும் இதே வடிவத்தைச் சேர்ந்தவை. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, பல்கலைக்கழக வகுப்பறைக்குக் கருவியானது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

ஃப்ரில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் நூலை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 240 பின்னல் விளிம்பில், ஒவ்வொரு பின்னலிலும் இரண்டு போட்டால் அடுத்த சுற்று 480, அதற்கடுத்தது 960. இந்த இரண்டு சுற்றுகள் மட்டும், கூட்டாத ஆறு சுற்றுகளின் நூலைத் தின்றுவிடும்.

தொடக்கக்காரர்களைக் குழப்பும் இன்னொரு சங்கதி, சுற்றை இணைக்கும் தையல்கோடு மெதுவாகச் சாய்ந்துகொண்டே போவது. எண்ணிக்கை சரியாகவே இருக்கும், கோடு மட்டும் நகரும். வலக்கைக்காரர்கள் போடும் பின்னலின் தலை அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காராமல் சற்று வலப்பக்கம் தள்ளி உட்காரும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் இந்தச் சிறு விலகல் சுற்றுக்குச் சுற்று சேர்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் துணியைத் திருப்பி எதிர்த்திசையில் பின்னினால் ஒரு சுற்றின் விலகலை அடுத்தது ஈடுசெய்துவிடும், கோடு நேராக இறங்கும்.

நூல் விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. வெயிலுக்குப் பருத்திதான். காற்றின் ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. வியர்வையைப் பருத்தி உறிஞ்ச, துளைகள் வழியே புகும் காற்று அதை ஆவியாக்க, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துப் போகிறது. நடக்கும்போது விரிந்த விளிம்பு முன்னும் பின்னும் அசைந்து உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை இழுக்கும். ஆனால் இதெல்லாம் துளை இருந்தால்தான். நெருக்கமாகப் பின்னிய குரோஷா சேலைத் துணியைவிடப் பல மடங்கு தடிமன், அதில் காற்று சிக்கிக்கொண்டு வெப்பத்தைக் காக்கும். ஒரு டபுள் குரோஷா, ஒரு செயின், கீழே ஒரு பின்னலை விட்டு அடுத்ததில் மறுபடி ஒரு டபுள் என்று வலைபோலப் பின்னினால் எண்ணிக்கையும் மாறாது, காற்றும் வரும். உள்ளே மெல்லிய மல் துணியில் உள்பாவாடை தைத்துக்கொள்ளலாம்.

கடைகளில் மெர்சரைஸ்டு என்று பளபளக்கும் பருத்தி நூல் கிடைக்கும். 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தியை நனைத்தபோது கண்டது அது. குறுக்குவெட்டில் பீன்ஸ் விதை போலத் தட்டையாகவும், நெடுகிலும் முறுக்கியும் கிடக்கும் பருத்தி இழை, காரத்தில் ஊதிப் பெருத்து உருண்டையாகிறது. பின்னாளில் நூலை இழுத்துப் பிடித்தபடி இதைச் செய்யத் தொடங்கியதும் பளபளப்பும் வந்தது. சாயம் ஆழமாகப் பிடிக்கும், நூல் உறுதியாகும். வழுக்கலும் கூடும் என்பதால் முனைகளை 15 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாக விட்டு, திசை மாற்றி மாற்றிக் கோத்து மறைக்க வேண்டும். மூங்கில் நூல் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழை வேதிமுறையில் கரைத்து இழையாக்கியவை. தொட்டால் இதம்தான், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், தொங்கும். முதல் பாவாடைக்கு அது வேண்டாம்.

தொங்குவது பருத்திக்கும் உள்ள குறைதான். கம்பளி இழை சுருள் சுருளானது, கணிசமாக நீண்டு மீளும். பருத்தி இழை பத்து சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அப்படியானால் பருத்திப் பின்னல் நீள்வது எப்படி? இழை நீள்வதில்லை, கண்ணியின் வடிவம் மாறுகிறது. அகலமாக இருந்த கண்ணி எடையில் ஒடுங்கி நெட்டையாகிறது, அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பும் வில் பருத்தியில் இல்லை. கால் கிலோவைத் தாண்டும் பாவாடையில் கீழ்ச் சுற்று எதையும் சுமப்பதில்லை, மேல் சுற்று அத்தனை சுற்றுகளையும் சுமக்கிறது. அதனால் மேல் பகுதிதான் அதிகம் நீளும். துவைத்த பிறகு கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையும் சேரும். பருத்தி இழையை ஆக்கியிருக்கும் செல்லுலோஸ் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளர்ந்து, காயும்போது புதிய நிலையில் இறுகும். தொங்கியபடி காய்ந்த பாவாடை தொங்கிய நீளத்திலேயே நிலைத்துவிடும். ஒரு துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்து, கையால் வடிவம் திருத்திக் காயவைத்தால் அதே வேதியியல் உங்கள் பக்கம் வேலை செய்யும்.

இதே காரணத்தால், கடைசி இரண்டு சுற்றுகள் மிச்சம் இருக்கும்போது பின்னுவதை நிறுத்துங்கள். திறந்திருக்கும் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி, பாவாடையை இடுப்பில் பல இடங்களில் கிளிப் போட்டு ஒரு இரவு தொங்கவிடுங்கள். மறுநாள் போட்டுப் பார்த்தால் நீளம் கூடியிருக்கும். அந்த அளவை வைத்து, இன்னும் இரண்டு சுற்று வேண்டுமா, இருப்பதில் ஒன்றைப் பிரிக்க வேண்டுமா என்று முடிவுசெய்துவிட்டு விளிம்பைச் சிங்கிள் குரோஷாவில் முடித்துக்கொள்ளலாம்.