சைக்கிள் பிரேக்குக்கு கரண்ட் எதற்கு?

“அப்பாவோட பைக்ல ஏபிஎஸ் இருக்கு. என் சைக்கிள்ல மட்டும் ஏன் இல்ல சார்?”

ஒரு பள்ளியில் பேசப் போனபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது இது. நியாயமான கேள்வி. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, கட்டாயம். சைக்கிளுக்கும் அது வராமலில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்சார சைக்கிளுக்கான ஏபிஎஸ்ஸை 2017-லேயே காட்டிவிட்டது. அது நமக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஏபிஎஸ் செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுபோய் டயர் தேய்த்துக்கொண்டே சறுக்கும், வண்டி சொன்ன திசையில் திரும்பாது. அப்படி ஆகாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ். காருக்கு இந்த விளக்கம் போதும். சைக்கிளில் சறுக்குவதற்கு முன்பே வேறொன்று நடந்துவிடுகிறது.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, பக்கத்தில் நின்றபடி முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னால் தள்ளிப் பாருங்கள். முன் சக்கரம் தரையை விட்டு நகராது, பின் சக்கரம் மேலே எழும்பும். இதைச் செய்து பார்க்காமல் மேலே படிக்க வேண்டாம் என்பேன், அவ்வளவு அழகான பாடம் அது.

என்ன நடக்கிறது? பிரேக் விசை தரை மட்டத்தில், டயர் ரோட்டைத் தொடும் இடத்தில் பின்னோக்கி இழுக்கிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்த எடையின் மையமோ தரையிலிருந்து சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் தொப்புள் அருகே இருக்கிறது. அது முன்னால் போகத் துடிக்கும். முன் டயர் தரையைத் தொடும் புள்ளியே அச்சாகி, முழு வண்டியும் அதைச் சுற்றிக் கவிழப் பார்க்கும். கவிழாமல் அழுத்தி வைப்பது நம் எடைதான். எடை மையம் அந்தப் புள்ளிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கவிழ்க்கும் விசைக்கு 110 சென்டிமீட்டர் நெம்புகோல், தடுக்கும் எடைக்கு 60. ஆக, பிரேக் விசை நம் மொத்த எடையில் 60/110, அதாவது 55 சதவீதத்தைத் தாண்டினால் பின் சக்கரம் தரையை விட்டுவிடும்.

காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயரால் எடையில் 80 சதவீதம் வரைகூடப் பிடிக்க முடியும். டயர் சறுக்குவதற்கு முன்பே சைக்கிள் கவிழ்ந்துவிடுகிறது! கார் தாழ்வாகவும் நீளமாகவும் இருப்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

இதில் என்னை மயக்கும் விஷயம் ஒன்று உண்டு. பின் சக்கரம் எழும்பப் போகும் அந்தக் கணத்தில் அதன் மீது எடையே இருக்காது. எடை இல்லாத டயர் ரோட்டைப் பிடிக்காது. எனவே சைக்கிளின் மிகச் சிறந்த பிரேக் என்பது முழுக்க முழுக்க முன் பிரேக்தான். “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்” என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் கிடைப்பது எடையில் ஏறத்தாழ 25 சதவீத விசைதான். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் முன் பிரேக்கைச் சரியாகப் பிடித்தால் நாலரை மீட்டரில் நிற்கலாம், பின் பிரேக் மட்டும் என்றால் பத்து மீட்டர் ஆகிவிடும். நடுவில் இருக்கும் ஐந்தரை மீட்டரில் ஒரு ஆட்டோவே நிற்கலாம். பின்னால் கேரியரில் ஆள் உட்கார்ந்தால் எடை மையம் பின்னுக்குப் போவதால் கவிழ்வது குறையும். முன் பாரில் குழந்தையை உட்கார வைத்தால் நேர்மாறு. அப்போது முன் பிரேக்கை மெல்லத்தான் பிடிக்க வேண்டும்.

மழையிலும் மணலிலும் டயரின் பிடி 55 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே கவிழ்வது இல்லை, முன் சக்கரம் வழுக்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் விழுவோம். ஆகவே சைக்கிள் ஏபிஎஸ் இரண்டு எதிரிகளைக் கவனிக்க வேண்டும். இரு சக்கரங்களிலும் வேக சென்சார்கள் உண்டு. முன் சக்கரம் திடீரென மந்தமானால் அது பூட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, முன் பிரேக்கை இயக்கும் எண்ணெயின் அழுத்தத்தைச் சற்றே விடும். பின் சக்கரம் எழும்பத் தொடங்கினாலும் அதே வேலைதான். பின் பிரேக் வழக்கம்போல நம் கையில்.

இங்கே கவனியுங்கள்: இந்த எலக்ட்ரானிக்ஸ் பிரேக்கைப் பிடிப்பதில்லை, விட மட்டுமே செய்கிறது. பிடிக்கும் பலம் நம் விரல்களுடையது. பேட்டரி செத்துப்போனாலும் சாதாரண டிஸ்க் பிரேக்காக அது வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றை 2011-ல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹோல்கர் ஹெர்மன்ஸ் குழுவினர் செய்தார்கள். கேபிளே இல்லாத பிரேக். கைப்பிடியை இறுக்கினால் ரேடியோ சிக்னல் போய், முன் போர்க்கில் உள்ள மோட்டார் பிரேக்கை இழுக்கும். லட்சம் கோடி முறை பிடித்தால் மூன்று முறைதான் தவறும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் பிரேக் பிடிக்க 250 மில்லிசெகண்ட் ஆனது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் இரண்டு மீட்டர் போய்விடுவோம். சைக்கிள் கடைக்கு அது தேவையில்லை. ஆனால் ரயிலும் விமானமும் நம்பியிருக்கும் பாதுகாப்புக் கணக்குகளை ஒரு சைக்கிளில் சோதித்துப் பார்த்தார்கள் அல்லவா, அதைப் பெரிதும் மதிக்கிறேன். “இதனால் என்ன லாபம்?” என்று முதல் நாளே கேட்காமல் இத்தகைய ஆய்வுக்கு நம் அரசும் பணம் தர வேண்டும்.

சரி, மாணவியின் சைக்கிளுக்கு வருவோம். சுமை ஏற்றும் கனமான மின்சார சைக்கிள், ஈரமான ஊர், டிஸ்க் பிரேக் என்றால் ஏபிஎஸ்ஸுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அவளுடையது இரும்பு ரிம்மும் ரப்பர் பிரேக் கட்டையும் உள்ள சாதாரண சைக்கிள். மழையில் நனைந்த முலாம் பூசிய ரிம்மில் கட்டை வழுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பிடிக்கவே பிடிக்காத பிரேக்கை விட்டுவிட என்ன இருக்கிறது? தேய்ந்த கட்டையை மாற்றி, பிரிந்த கேபிளைப் புதிதாகப் போட்டு, முடிந்தால் அலுமினிய ரிம்முக்கு மாறச் சொன்னேன். அப்புறம், காலி மைதானத்தில் மெதுவாகப் போய், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பழகச் சொன்னேன். பின் சக்கரம் எடையிழந்து லேசாகிவருவது சீட் வழியே தெரியும். அந்த இடத்தில் விரலைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.