கட்டண உயர்வை பில்லில் தெரிவிக்காதீர்கள்

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. பியூட்டி பார்லர், ஏசி மெக்கானிக், சமையல் கான்ட்ராக்டர், டியூஷன் சென்டர் என்று பலருடைய வரவு செலவும் என் மேசைக்கு வருகிறது. கடை வாடகை ஏறியிருக்கும், ஆள் சம்பளம் ஏறியிருக்கும், கட்டணம் மட்டும் மூன்று நான்கு வருடமாக அப்படியே நிற்கும். கேட்டால், "ஏத்தினா பார்ட்டி போயிடுவாங்க சார்" என்பார்கள். அப்புறம் ஒரு நாள் கட்டுப்படியாகாமல், யாரிடமும் சொல்லாமல் பில்லில் தொகையைக் கூட்டிவிடுவார்கள். பார்ட்டி கோபித்துக்கொண்டு போவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் வாடிக்கையாளர்கள் 40 பேர் என்றால் வரவு 40,000. கட்டணத்தை 1,200 ஆக்கி, ஆறு பேர் விலகிவிட்டார்கள் என்றே வையுங்கள். மீதி 34 பேரிடமிருந்து 40,800 வரும். வேலை குறைந்திருக்கிறது, வரவு குறையவில்லை. ஏழாவது ஆள் போனால்தான் பழைய வரவுக்குக் கீழே இறங்கும். உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டால் எவ்வளவு ஏற்றலாம் என்று ஓரளவு பிடிபடும்.

சரி, எப்படிச் சொல்வது? நான் எழுதிக் கொடுக்கும் வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான்: "வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் நமது மாதக் கட்டணம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாகிறது. மார்ச் மாத வேலைக்குப் பழைய கட்டணமே. ஏதாவது கேட்க வேண்டுமானால் போன் செய்யுங்கள்." பழைய தொகை, புதிய தொகை, தேதி மூன்றும் இருக்கிறதா, போதும். பெட்ரோல் விலை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று கதை சொல்லத் தொடங்கினால் பேரத்துக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். மன்னிப்பும் வேண்டாம். ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். பல வருடப் பழக்கம் உள்ளவர்களிடம் மட்டும் செய்திக்கு முன்னால் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

தகராறு அதிகம் கிளம்புவது வரியில்தான். "1,200" என்று சொல்லிவிட்டு பில்லில் 18 சதவீதம் சேர்த்து 1,416 என்று நீட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்காரர் தன் தொழிலுக்கு வாங்கும் சேவை என்றால், பொதுவாக அந்த 216 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்வார். வீட்டுக்காரரோ, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்காரர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவரோ கழிக்க முடியாது. அவருக்கு 1,416 தான் விலை. அதனால் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள்.

பார்லர்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், அழகு நிலையம், ஜிம் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆனால் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. வாடகைக்கும் ஷாம்புக்கும் கட்டும் வரி கடைக்காரர் தலையில். வாடிக்கையாளரோ, "வரி குறைஞ்சுதே, நீங்க ஏன் ஏத்துறீங்க?" என்பார். 1,000 ரூபாய் சேவைக்கு முன்பு அவர் தந்தது 1,180. அடிப்படைக் கட்டணத்தை 1,100 ஆக்கினாலும் இப்போது 1,155 தான் தருகிறார். இந்த இரண்டு மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பேச்சு முடிந்தது.

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலையின் கட்டணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பேசி முடித்த விலையைவிடவோ, நீங்கள் மாட்டி வைத்திருக்கும் விலைப்பட்டியலைவிடவோ அதிகம் வாங்கினால் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். எனவே ஏப்ரல் 1 என்று சொன்னால் அன்று காலையே கடையில் மாட்டிய பட்டியலும் மாற வேண்டும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டவர்களுக்குப் புதுப்பிக்கும்போதுதான் புதிய தொகை. சமையல் கான்ட்ராக்டர்கள் ஆனியில் அட்வான்ஸ் வாங்கித் தையில் சமைக்கிறார்கள். இடையில் வணிக சிலிண்டர் விலை எத்தனை முறை மாறுமோ. எண்ணெய் நிறுவனங்கள் அதை வழக்கமாக மாதாமாதம் 1ஆம் தேதி திருத்துகின்றன. எஸ்டிமேட்டிலேயே "இந்த விலை இன்ன தேதி வரை" என்றோ, "கேஸ் விலை ஏறினால் வித்தியாசம் தனி" என்றோ எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே பிறகு கேட்க முடியும்.

"கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு ரேட்டைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்: மாதம் இரண்டு முறை வருவது ஒரு முறையாகலாம், வீட்டுக்கு வந்து செய்வதைக் கடைக்கு வந்தால் செய்து தரலாம். ஒரே கடைத்தெருவில் இரண்டு பேருக்கு ஒரே வேலைக்கு இரண்டு ரேட் போட்டால் சாயங்கால டீக்குள் விஷயம் தெரிந்துவிடும். அடுத்த நாள் புதிய கட்டணத்தை ஒப்புக்கொண்டவரே முதலில் போன் செய்வார்.