எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’. இந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் வாய்விட்டுப் படித்தால் காதில் விழுவது ஒரே ஒலிதான். முதலாவது பையன்கள், அடுத்தது ஒரு பையனுடைய, கடைசியது பல பையன்களுடைய. தமிழில் இவை சொல்லும்போதே வேறுபட்டுவிடும். ஆங்கிலத்திலோ வேறுபாட்டைக் காட்ட அபாஸ்ட்ரபி என்னும் அந்தச் சிறு மேற்குறியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கு ஒலி கிடையாது என்பதால் பேசிப் பேசி இதைப் பழகிக்கொள்ளவும் வழியில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை.

பழைய ஆங்கிலத்தில் தமிழைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. அரசன் என்பது “கியுனிங்”. அரசனுடைய என்றால் “கியுனிங்கெஸ்”. காலப்போக்கில் பெரும்பாலான உருபுகள் தேய்ந்து உதிர, இந்த ஓர் உருபு மட்டும் பிழைத்து, முன்பு தன்னை ஏற்காத பெயர்களோடும் ஒட்டிக்கொண்டது. பிறகு அதிலிருந்த உயிரொலியும் பல சொற்களில் மறைந்தது. எழுத்து விடுபட்டதைக் காட்டும் மேற்குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் ஒருமைப் பெயர்களின் உடைமையைக் காட்ட அது பரவியது. பன்மையில் எஸ்ஸுக்குப் பின்னால் இடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. “கிங் ஹிஸ்” என்பது சுருங்கித்தான் “கிங்’ஸ்” ஆயிற்று என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். அப்படியானால் “குயீன்’ஸ்” எங்கிருந்து வந்தது? அரசியைக் குறிக்க “ஹிஸ்” வராதே!

குறியை எங்கே இடுவது என்பதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். உடைமை யாருக்கு உரியதோ, அந்தப் பெயரை முதலில் முழுதாக எழுதிவிட வேண்டும். குறி அதற்குப் பிறகே வரும். ஒரு பையன் என்றால் “பாய்”, எனவே “பாய்’ஸ்”. பல பையன்கள் என்றால் “பாய்ஸ்”, எனவே “பாய்ஸ்’”. அங்கே ஏற்கெனவே எஸ் இருப்பதால் இன்னொன்று தேவையில்லை. “சில்ரன்” பன்மையாக இருந்தாலும் எஸ்ஸில் முடியவில்லை, ஆகவே “சில்ரன்’ஸ்”.

எஸ்ஸில் முடியும் ஆட்பெயர்களில்தான் சண்டை. லண்டனில் உள்ள பூங்காவின் பெயர் செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க். நியூகாசில் கால்பந்து மைதானமோ செயின்ட் ஜேம்ஸ்’ பார்க். இரண்டுமே ஏற்கப்பட்ட வழக்குகள். “ஜேம்ஸிஸ்” என்று உச்சரிக்கிறவர் அந்தக் கூடுதல் எஸ்ஸையும் எழுதுவதே நியாயம் என்பது என் கருத்து. இடப்பெயர்கள் விதிக்கு அடங்குவதில்லை. லண்டன் பிக்காடில்லி ரயில் பாதையில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு. அதை அடுத்த பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை.

இந்த உருபு ஒட்டும் விதம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. “தி கிங் ஆஃப் இங்கிலாந்து’ஸ் டாட்டர்” என்ற தொடரைப் பாருங்கள். மகள் அரசனுக்கு உரியவள். ஆனால் உருபு ஒட்டியிருப்பது அரசனிடம் அல்ல, இங்கிலாந்திடம்! தமிழில் “இங்கிலாந்து அரசனின் மகள்” என்னும்போது உருபு உரியவர் மீதே விழுகிறது. ஆங்கிலத்திலும் முன்பு அப்படித்தான். 14ஆம் நூற்றாண்டில் “தி கிங்’ஸ் டாட்டர் ஆஃப் இங்கிலாந்து” என்ற வரிசையே வழக்கம். பின்னர் அந்த உருபு சொல்லை விட்டு நகர்ந்து, தொடர் முழுவதன் கடைசியில் போய் ஒட்டத் தொடங்கியது. “டாம் அண்ட் மேரி’ஸ் ஹவுஸ்” என்றால் இருவருக்கும் பொதுவான ஒரே வீடு. ஆளுக்கொரு வீடு என்றால் இரு பெயர்களுக்கும் தனித்தனியே குறி வேண்டும்.

“அதனுடைய” என்று பொருள்படும் “இட்ஸ்” மட்டும் ஏன் குறியில்லாமல் நிற்கிறது? “ஹிஸ்”, “ஹர்ஸ்”, “அவர்ஸ்” ஆகிய பிரதிப்பெயர்களின் வரிசையில் சேர்ந்தது அது. அவற்றுக்கும் குறி கிடையாது. இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. அதற்கு முன் அஃறிணைக்கும் “ஹிஸ்” என்றே எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டு வரை பலர் இதற்கும் குறி இட்டே எழுதினார்கள். அப்போது “இட் இஸ்” பெரும்பாலும் “’டிஸ்” என்று சுருங்கியதால் குழப்பம் குறைவு. இன்று “இட்’ஸ்” என்பது “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்பதற்கு மட்டுமே உரியது. சந்தேகம் வந்தால் அப்படி விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் பொருந்தாவிட்டால் குறியை எடுத்துவிடலாம்.