மலையோரப் பள்ளிகளில் மரக்கன்றுக்கு முன்பே கால்வாயைக் கவனியுங்கள்

பினாங்குத் தீவின் மலையோரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பின்புறச் சரிவைப் பார்வையிட அண்மையில் சென்றிருந்தேன். பசுமைத் திட்டம் என்ற பெயரில் அங்கு வந்த தொண்டர் குழு, மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவர் முழுவதும் காடும் பறவைகளுமாக ஓவியம் தீட்டியிருந்தது. ஓவியத்துக்கு இடையூறாக இருந்ததால் நீர் வடிவதற்கென்று சுவரில் விடப்பட்ட குழாய்த் துளைகளைச் சிமெண்டால் பூசி அடைத்திருந்தது. அதோடு நில்லாமல், சரிவின் மேல்விளிம்பில் ஓடிய கால்வாயையும் மண்ணிட்டு நிரப்பி மூலிகைத் தோட்டமாக்கியிருந்தது. இத்தகைய வேலையை வேறு பள்ளிகளிலும் கண்டு மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். உதவ வந்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மலைச்சரிவுகளை ஆய்வு செய்யும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சுவர் முன்பு இருந்ததைவிட இன்று ஆபத்தானது.

துளைகளில் நீர் வடிந்து பாசி படிவது அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். நீர் வடியட்டும் என்பதற்காகவே அவை விடப்பட்டுள்ளன; அடைத்தால் நீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளும். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, மரம் நட்டால் மண் சரியாது என்ற நம்பிக்கை. நட்ட கன்றின் வேர் முதல் சில ஆண்டுகளுக்கு மேல்மண்ணிலேயே நிற்கும். இத்தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. அந்தக் கல் சிதைந்து உண்டான மண் பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. மண் அறுந்து நழுவும் தளம் வேருக்குக் கீழே அமையுமானால், மரமும் மண்ணோடு சேர்ந்தே கீழே வரும். சிலாங்கூரின் பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 அன்று 31 உயிர்களைப் பறித்த மண்சரிவு நடந்த இடத்தில் மரங்கள் இல்லாமலில்லை. மேலும், கன்றுக்காகத் தோண்டும் ஒவ்வொரு குழியும் மழைநீர் தேங்கி உள்ளே இறங்க வழி செய்கிறது. கன்று நடுவதற்கென்று இருந்த புல்லைச் செதுக்கியெறிவது அதைவிட மோசம். மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நீர் வெளியேற வழி செய்த பிறகு, சமதளத்தில் நடுங்கள் என்கிறேன். சரிவில் வளர்க்க வேண்டுமானால் வெட்டிவேர் நல்லது. அதன் வேர் மூன்று மீட்டர் வரைகூட நேராகக் கீழிறங்கும். சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் நெருக்கமான வரிசைகளாக நட வேண்டும். நிழலில் அது செழிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய மரங்களுக்கு அடியில் நட்டுவிட்டுப் பலனில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு.

1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டார்கள். பின்புறச் சரிவின் வடிகால் சீராக இல்லாததே அங்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பள்ளிகளின் பின்புறக் கால்வாய்களில் வாழை மட்டையையும் பழைய மேசைகளையும் காண்கிறேன்.

நிதிச் சிக்கலை நான் அறிவேன். அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிக்கு நிலம் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவர் பொறுப்பு. சரிவோ எவர் கணக்கிலும் இருப்பதில்லை. கால்வாய் தூர்வார நன்கொடை கேட்டால் யாரும் முன்வருவதில்லை என்று தலைமையாசிரியர்கள் சொல்வது உண்மை. நன்கொடையாளர்களே, உங்கள் பதாகையைக் கால்வாய் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை மட்டும் கால்வாய்க்குக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கான பாடமும் இங்கேயே இருக்கிறது. நேரான பக்கங்கள் கொண்ட புட்டியும் அளவுகோலும் இருந்தால் மழைமானி ஆகிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். அந்த நீர் எங்கே போகிறது என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வரைபடம் வரையட்டும். கூரைக் குழாய் சரிவில் கொட்டுகிறதா, கால்வாயில் சேர்கிறதா என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சுவரில் வெடிப்பு இருந்தால், அது நீள்கிறதா என்று அறிய அதன் இரு முனைகளிலும் ஆசிரியர் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைக்கட்டும். பிள்ளைகளைச் சரிவில் ஏற்ற வேண்டாம், கோத்தோங்-ரோயோங் எனும் கூட்டுப்பணி நாளிலும்கூட. மழைநீர்த் தொட்டி வைத்தால் வலையால் இறுக மூடுங்கள். சரிவில் படிக்கட்டாக அடுக்கும் பழைய டயர்களை இன்றே அப்புறப்படுத்துங்கள். தேங்கிய நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலான காலமே போதும். மேலதிகாரி வருகிறார் என்பதற்காகச் சரிவுப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்காதீர்கள், வெட்டினால் போதும்.

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. இத்தீவின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் மண்சரிவில் 11 தொழிலாளர்கள் புதையுண்டது 2017 அக்டோபர் 21 அன்று. ஆகவே ஆகஸ்டு மாதத்துக்குள் கால்வாய்களைத் தூர்வாரி, அடைத்த துளைகளைத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். ஏற்கெனவே நீர் தேங்கிய சுவராக இருந்தால் நீங்களே துளையிடாமல் பொறியாளரை அழையுங்கள். சரிவின் மேல் புதிய வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், புடைத்த சுவர், துளையில் சேறு கலந்த நீர், மழை பெய்யும்போதே திடீரென்று நின்றுபோன வடிதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பின்வரிசை வகுப்புகளைக் காலி செய்து, பிள்ளைகளைச் சரிவிலிருந்து தள்ளியுள்ள பகுதிக்கு மாற்றிவிட்டு, மாநகர் மன்றத்துக்கும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் அன்றைக்கே தொலைபேசியில் தெரிவியுங்கள். மண் நகர்வதைக் கண்டால் உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.